பிள்ளைகளைப் பாசறைக்கு அனுப்புமுன்

பிள்ளைகளைப் பாசறைக்கு அனுப்பும் பெற்றோர் முன்னதாக அறிய வேண்டியவை எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெற்றோருக்குரிய செய்தியை எங்களுக்கு ஏன் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாசறைக்குப் போகிறவர்கள் நீங்கள். உங்களை எண்ணி அஞ்சுகிறவர்கள் அவர்கள். இருவரும் கலந்து பேசினால்தான் இக்காரியம் செம்மையாக நடைபெறும்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். சாரணர் இயக்கத்துக்கு வித்து அதுவே. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் மூத்த சிறுவன் ஒருவனைத் தலைவனாக்கினார் அவர். இதனால் புதிய இடத்தில் எவனும் தனியனாகவில்லை. ஐந்தாறு பேருள் ஒருவனானான். நம் நாட்டுச் சாரணர் பாசறைகளும் இவ்வணி முறையையே பின்பற்றுகின்றன.

எனினும், எத்துணைச் சிறந்த ஏற்பாட்டிலும் வீட்டு நினைவு வந்து வாட்டத்தான் செய்யும். நான் ஆசிரியனாக உடன் சென்ற பாசறை ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பெட்டியைப் பிரிக்கவேயில்லை. விளையாட அழைத்தால் வரமாட்டான், சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். காரணம் கேட்டபோது, “பிடிக்காவிட்டால் சொல்லியனுப்பு, உடனே வந்து அழைத்துப்போகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஐயா” என்றான். அன்பினால் தந்த வாக்குறுதி அவனைப் பாசறையோடு ஒட்டவிடவில்லை. மூன்றாம் நாள் தந்தை வந்து அழைத்துச் சென்றார். குறை அவருடையது மட்டுமன்று. புறப்படுமுன் பெற்றோரை அழைத்துப் பேசாதது என் பிழை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய வாக்குறுதி கூடாதென்றே கூறுகிறது. போவதா வேண்டாமா என்னும் முடிவில் பிள்ளைக்கும் பங்கு தருக; முன்னதாக உறவினர் வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்கப் பழக்குக; ஏக்கம் எவர்க்கும் இயல்பே, அதைத் தாங்கும் வழிகளும் உண்டு என்று சொல்லிவைக்குக என்பன அதன் அறிவுரைகள்.

இனி, பெற்றோர் கேட்டறிய வேண்டியவை சில. குடிநீர் எங்கிருந்து வருகிறது? இரவில் காவலிருப்பவர் யார்? அருகில் ஆறோ குளமோ இருந்தால் நீந்தத் தெரிந்த பெரியவர் உடனிருப்பாரா? இவற்றைக் கேட்பது ஐயப்படுவதாகாது, கடமையாகும். அவ்வாறே, ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை நாணி மறைத்தல் தகாது. உண்ணும் மருந்தையும் வேளையையும் எழுதி ஆசிரியரிடம் தரவேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஏக்கம் வேறு, தீங்கு வேறு. ஏக்கம் அணியினரோடு வேலையில் கலந்தால் தணியும். ஆனால், எவரேனும் உங்களிடம் தகாத முறையில் நடந்தால் பொறுத்திருத்தல் வீரமன்று. உடனே நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அவ்வாறு சொல்லும் பிள்ளையை அழைத்துவரத் தாமதியாது புறப்பட வேண்டியது பெற்றோர் கடமை.

இன்றிரவு உணவின்போது இவற்றை உங்கள் பெற்றோரிடம் பேசுங்கள். பாசறைக்கான முதல் ஆயத்தம் அதுவே.