படியும் நிறையும்

நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாக வகுத்தனர். இவற்றுள் முதல் மூன்றும் மடைப்பள்ளிக்கு இன்றியமையாதன. தேங்காயும் பழமும் எண்ணப்படும்; வெல்லமும் புளியும் நிறுக்கப்படும்; அரிசி, பருப்பு, பால், நெய் என்பன முகக்கப்படும்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்கால் ‘ஆடவல்லான்’ என்று பெயர் பெறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுதுக்குரிய அரிசி நாழியாலும், நெய் உழக்கு, ஆழாக்குகளாலும், சர்க்கரை பலத்தாலும் குறிக்கப்பெறுதலைக் காணலாம்.

பழைய வாய்பாடு வருமாறு:

5 செவிடு = 1 ஆழாக்கு
2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி (படி)
8 நாழி = 1 குறுணி (மரக்கால்)
12 குறுணி = 1 கலம்

நிறுத்தலில் 40 பலம் 1 வீசை; இஃது ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். படியின் கொள்ளளவோ ஊர்தோறும் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்தபின் லிட்டர்ப் படி வழக்கில் நிலைத்தது.

இக்காலத்தில் உபயதாரர் கடையில் கிலோவாக வாங்குகிறார். பரிசாரகரோ படியால் அளந்து சமைக்கிறார். ‘ஒரு படி என்பது ஒரு கிலோ’ என்று கொள்வதால் இடர் விளைகிறது. படி, பொருள் அடைக்கும் இடத்தைக் காட்டும். தராசு, அதன் நிறையைக் காட்டும். மணிகளுக்கிடையே காற்று நிற்பதால், நீர் நிறைந்த படியினும் அரிசி நிறைந்த படி நிறை குறையும்.

தலைதட்டி அளந்த ஒரு லிட்டரின் நிறை, ஏறத்தாழ:

நீர் – 1000 கிராம்
பால் – 1030 கிராம்
நெய் – 910 கிராம்
பச்சரிசி – 800 கிராம்
பாசிப்பருப்பு – 800 கிராம்
அரிசி மாவு – 600 கிராம்
பொடியுப்பு – 1200 கிராம்

எனவே அரிசியின் லிட்டர் அளவை 800ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். கிலோவை ஒன்றேகாலால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 10 லிட்டர்ப் படி அரிசியில் சர்க்கரைப் பொங்கல் செய்விக்க ஒருவர் விரும்புகிறார் என்க. அரிசி 8 கிலோ போதும். பருப்பு அதில் காற்பங்காயின் 2 கிலோ. அரிசியின் நிறைக்கு ஒன்றரை மடங்கு வெல்லம் இடுவது வழக்கமாயின் 12 கிலோ வேண்டும். அவர் 10 படியை 10 கிலோ என்றெண்ணி அரிசியை வாங்கி, வெல்லத்தை மட்டும் 12 கிலோவாகத் தந்தால், அரிசி பன்னிரண்டரைப் படியாகிவிடும். அதற்கு 15 கிலோ வெல்லம் வேண்டும். மூன்று கிலோ குறைதலால் இனிப்புக் குன்றும். பத்துப் படிக்கென வைத்த நீரும் போதாமல் சோறு குழையாது.

கருத்திற் கொள்ள வேண்டுவன சில. கோபுரமாகக் குவித்தளந்த படியும் தலைதட்டிய படியும் ஒன்றல்ல. சலித்த மாவினும் அழுத்திய மாவு நிறை மிகும். கல்லுப்பின் இடையே வெற்றிடம் மிகுதியாதலால், ஒரே கரண்டியில் அது பொடியுப்பினும் நிறை குறைவு. வெல்லக் கட்டிகளுக்கும் இஃதே காரணம். அதனாலேயே வெல்லத்தைப் படியால் அளவாது நிறுத்தனர்.

அரிசியின் வகையாலும் பழமையாலும் மேற்கூறிய எண்கள் சிறிது மாறும். ஆதலின் வாங்கிய அரிசியில் ஒரு படியைத் தலைதட்டி அளந்து, ஒருமுறை தராசிலிட்டு அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்க. உபயம் எழுதுங்காலும் ‘பத்துப் படி’ என்று மட்டும் எழுதாது, எந்தப் படி, எத்தனை கிலோ என இரண்டையும் எழுதுக. கொடுப்பவர் கருதிய அளவும் சமைப்பவர் கொள்ளும் அளவும் அப்போது ஒன்றாகும்.