குறுகிய வாசல், பெரிய மூட்டை: இணையதளம் வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

மளிகை வணிகத்தில் உள்ள நம்மில் பலர் இன்று சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறோம். விலைப் பட்டியலையும் சரக்குகளின் படங்களையும் அதில் ஏற்றுகிறோம். சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குச் சீட்டைச் செல்போனில் படம் பிடித்து அதன் வழியே ஆர்டர் அனுப்புகிறார்கள். வசதிதான். ஆனால் கோப்பு பெரிதானால் பாதியில் நின்றுவிடுகிறது. நின்றதே சில சமயம் நமக்குத் தெரிவதில்லை. அதிகச் செலவில்லாமல் இதைச் சமாளிக்கும் வழிகளை இங்கே எழுதுகிறோம்.

நம்மைப் போன்றவர்கள் எடுப்பது பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங். வாடகை குறைவு. ஒரே சர்வரில் பலருடைய தளங்கள் குடியிருக்கும். பல கடைகளுக்கு ஒரே வாசல் உள்ள மண்டிக் கட்டடம் போன்றது இது. ஒருவர் லாரியை வாசலில் நிறுத்தினால் மற்றவர் சரக்கு இறக்க முடியாது. ஆகவே கட்டடக்காரர் அளவு வைக்கிறார், அதில் தவறில்லை. 'அன்லிமிடெட்' என்று அவர்கள் விளம்பரம் செய்வது கிடங்கைப் பற்றித்தான், வாசலைப் பற்றி அல்ல என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

பல தளங்கள் பி.எச்.பி. என்னும் மென்பொருளில் ஓடுகின்றன. அதில் இயல்பாக உள்ள அளவு, ஒரு கோப்புக்கு 2 எம்.பி.; ஒரு தடவை அனுப்பும் படிவம் முழுவதற்கும் 8 எம்.பி.; ஒரு வேலைக்கு 30 விநாடி. சில நிறுவனங்கள் இதைக் கூட்டி வைத்திருக்கும். செல்போன் படம் ஒன்றே 3, 4 எம்.பி. வந்துவிடுகிறது.

எங்கள் மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். தீபாவளி நெருக்கத்தில் ஒரு கடைக்காரர் நான்கு சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பினார். 'ஆர்டர் கிடைத்தது, நன்றி' என்று தளம் பதில் சொன்னது. எங்களுக்கோ ஒன்றும் வரவில்லை. படிவம் 8 எம்.பி.யைத் தாண்டினால், படங்கள் மட்டுமல்ல, பெயர், போன் எண் உட்பட எல்லாமே காலியாக வந்து சேரும். தளம் அமைத்துக் கொடுத்தவர் காலியா என்று பார்க்க ஏற்பாடு செய்யவில்லை. கடைக்காரர் இரண்டு நாள் காத்திருந்து வேறு மண்டிக்குப் போய்விட்டார்.

விலைப் பட்டியலிலும் இதே ஆபத்து உண்டு. ஆயிரக்கணக்கான அயிட்டங்களை ஒரேயடியாக ஏற்றினால், நேரம் முடிந்து நடுவில் நிற்கும். துவரம்பருப்புக்குப் புது விலை, உளுந்துக்குப் பழைய விலை என்று தளம் காட்டும். பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தால் நஷ்டம் நம் தலையில்தான்.

செய்ய வேண்டியவை:

1. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மேற்சொன்ன மூன்று அளவுகளையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கண்ட்ரோல் பேனலிலேயே கூட்ட அனுமதிப்பவர்களும் உண்டு. கூட்டும்போது, படிவ அளவு கோப்பின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

2. படத்தைச் சிறிதாக்குங்கள். 1200 பிக்சல் அகலம் போதும். சீட்டின் எழுத்து தெரியும். அனுப்புமுன் செல்போனிலேயே தானாகச் சுருங்கும்படி தளத்தில் ஏற்பாடு செய்யலாம்.

3. பெரிய கோப்பைப் பிரித்து அனுப்பச் செய்யுங்கள். லாரி நுழையாத சந்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோவதில்லையா, அதுபோல. 20 எம்.பி. கோப்பை 1 எம்.பி. துண்டுகளாக, வரிசை எண் போட்டு அனுப்பி, சர்வரில் சேர்க்கலாம். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சேர்ந்தபின் மொத்த அளவு சரியா என்று பார்ப்பதும், அரைகுறையாக நின்ற துண்டுகளை அழிப்பதும் அவசியம்.

4. நம்முடைய சொந்தக் கோப்புகளை எஸ்.எஃப்.டி.பி. வழியே ஏற்றலாம். பி.எச்.பி.யின் அளவுகள் அந்த வழிக்குக் கிடையாது. வீடியோவை யூடியூபில் போட்டு, தளத்தில் இணைப்பு மட்டும் கொடுங்கள்.

5. விலைப் பட்டியலை 200 வரிகளாகப் பிரித்து ஏற்றச் சொல்லுங்கள். கடைசி வரியும் ஏறிய பிறகே புது விலை கண்ணில் படவேண்டும்.

6. வெளியார் அனுப்புவதில் படம், பி.டி.எஃப். மட்டுமே ஏற்க வேண்டும். அவை சேரும் இடத்தில் எந்த புரோகிராமும் ஓடாதபடி அடைத்து வையுங்கள். கண்டதையும் உள்ளே விட்டால் தளமே பிறர் கைக்குப் போய்விடும்.

இவற்றைச் செய்து பார்த்த பிறகும் இடம் போதாவிட்டால், கூடுதல் வாடகைக்குத் தனி சர்வர் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

முக்கியமான ஒன்று. ஆர்டர் முழுவதும் வந்து பதிவான பிறகே தளம் ஓர் ஆர்டர் எண் தரவேண்டும். 'எண் வராவிட்டால் ஆர்டர் சேரவில்லை. உடனே போன் செய்யுங்கள்' என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லி வையுங்கள். ரசீது இல்லாத வரவை நாம் கணக்கில் எழுதுவதில்லை. இணையதளத்துக்கும் அதே கணக்குதான்.