கட்டைவிரல் பள்ளம்

தொண்டாமுத்தூருக்குப் போனால் மலையைப் பார்க்கலாம், பாக்குத் தோப்பைப் பார்க்கலாம் என்றுதான் புறப்பட்டேன். என் சித்தி மகள் காட்டியதோ ஒரு பள்ளத்தை!

அவள் கணவருக்கு ஒலிப்பதிவுதான் தொழில். (கோவைக்கு இது புதிதா என்ன? 1954-ல் வந்த ‘மலைக்கள்ளன்’ கோவை பட்சிராஜாவின் படம்தானே!) மாடி அறையைச் சிறு ஸ்டூடியோவாக்கி, பழைய யமஹா என்.எஸ்.10 ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் கடன்பட்டு வாங்கி வைத்திருக்கிறார். 1978-ல் வந்து உலகத்து ஸ்டூடியோக்களிலெல்லாம் இடம்பிடித்தது. 2001-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. கெட்டால் லேசில் மாற்றமுடியாது.

ஸ்பீக்கரின் நடுவே, கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு மூடி இருக்குமல்லவா? மூன்று வயது வாண்டு அதைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டது.

“அவரு சாயங்காலம் வந்துருவாருங்க்கா. ஊசியில குத்தித் தூக்கிரட்டுங்களா?” என்று நடுங்கினாள்.

“ஐயையோ, ஊசியை அப்பால் வை!” என்றேன்.

காரணம் கேளுங்கள். மூடிக்குப் பின்னால் பலத்த காந்தம் இருக்கிறது. அதன் குறுகலான இடுக்கில் கம்பிச் சுருள் ஒன்று முன்னும் பின்னும் ஆடுகிறது. சுருளோடு காகிதக் கூம்பும் ஆட, நமக்குப் பாட்டு. அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் விளக்கிய ஏற்பாடு. இன்றும் அடிப்படை அதுவே. இடுக்கில் தூசியோ இரும்புத் துகளோ விழுந்தால் கரகரப்புத்தான். அதைத் தடுக்கவே மூடி. எஃகு ஊசியைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். கூம்பே கிழிந்தாலும் கிழியும்!

முதலில் மின்சாரத்தை நிறுத்தினோம். கூம்பின் நாலு பக்கமும் விரல்நுனிகளைச் சமமாக வைத்து, பூப்போல் உள்ளே தள்ளிப் பார்த்தோம். உரசும் சத்தம் வந்தால் சுருளுக்கே அடி, ரிப்பேர்காரரிடம்தான் போகவேண்டும். நல்லவேளை, சத்தமில்லை.

பிறகு பள்ளத்தில் ஒட்டும் நாடாவைப் பதித்து, மெல்ல, நேராக இழுத்தோம். அதிகம் ஒட்டினால் காகிதத்தையே உரித்துவிடும். ஆகவே நாடாவை முதலில் புடவைத் தலைப்பில் இரண்டுமுறை ஒட்டியெடுத்து, பசையைக் குறைத்துக்கொண்டோம். மூன்றாம் இழுப்பில் ‘டொப்’பென்று எழும்பியது மூடி. பிறைபோல் ஒரு மடிப்பு மட்டும் நின்றது. இன்னும் இழுக்கப் போனவளைத் தடுத்தேன். பெரிய ஸ்பீக்கரில் சிறு மடிப்பு பெரும்பாலும் காதுக்குத் தெரியாது, கிழிசல்தான் தெரியும்.

தூசி உறிஞ்சும் மெஷினை வைத்து இழுப்பவர்களும் உண்டு. அதன் பலத்துக்குக் கூம்பே பிய்ந்துவிடலாம். மேலே இருக்கும் சிறிய ட்வீட்டரை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். அதில் பலவற்றில் அந்தக் குமிழேதான் பாடுகிறது!

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். மடிப்பைப் பார்த்தார், பேசவில்லை. ஒரு பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

“சத்தம் சரியாத்தானுங்க இருக்குது” என்றார் கடைசியில்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து வாண்டு எட்டிப் பார்த்தது, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு.