வலையொலியும் அறிவுத்தொழிலும்

கடைக்காரன் தன் சரக்கை வாயிலிற் பரப்பி வைக்கிறான். வாங்குவோர் தொட்டும் முகர்ந்தும் தெரிந்து கொள்கின்றனர். வக்கீலும், கணக்குப் பரிசோதகரும், கட்டடச் சிற்பியும் விற்பதோ அறிவு. அதனை எங்ஙனம் பரப்பிக் காட்டுவது? தன்னைத்தான் புகழ்தல் நகைப்பிற்கிடமாம். இவ்விடர்ப்பாட்டிற்கு இக்காலத்தார் கண்ட வழிகளுள் ஒன்று பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி.

வலையொலி என்பது யாது? பதிவு செய்த பேச்சு இணையத்தில் ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. அஃது இருக்குமிடத்தை ஆர்.எஸ்.எஸ். என்னும் பட்டியல் குறித்துக் காட்டும். கேட்போரது கைப்பேசி அப்பட்டியலை அவ்வப்போது நோக்கிப் புதிய பேச்சைத் தானே கொணரும். 2004-ஆம் ஆண்டில் பென் ஹாமர்ஸ்லி என்பார் 'கார்டியன்' பத்திரிகையில் இம்முறைக்குரிய ஆங்கிலப் பெயரை எழுதினார். 2005-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் இதற்கு இடமளிக்கவே, இது விரைவிற் பரவலாயிற்று.

தொடங்க விழைவோர் முதற்கண் எவர்க்காகப் பேசுகிறோம் என்பதைத் துணிதல் வேண்டும். எல்லார்க்கும் எல்லாம் கூற முயல்வோன் ஒருவர்க்கும் பயன்படான். சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது சிறு வணிகர் பல ஐயங்களால் மயங்கினர். அத்தகைய ஐயம் ஒன்றை ஒரு பேச்சில் எளிதாக விளக்கும் கணக்கரை, இடர் நேருங்கால் அவர்கள் நினைவு கூர்வர் அன்றோ? ஒலிவாங்கியை வாயருகே வைத்தலும், எதிரொலி எழாவண்ணம் திரைச்சீலை தொங்கும் சிற்றறையிற் பேசுதலும், குறித்த நாள் தவறாமல் வெளியிடுதலும் இன்றியமையாதன. பத்துப் பேச்சிற்குரிய பொருளை முன்னரே திரட்டி வைத்தல் இடைமுறிவைத் தடுக்கும்.

ஆயினும் எல்லையொன்றுண்டு. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி, வழக்கறிஞர் விளம்பரத்தால் வழக்குத் தேடுதலை விலக்குகிறது. இணையத் தளங்களின் வாயிலாக அங்ஙனம் விளம்பரம் செய்வோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் அக்கவுன்சிலைப் பணித்தது. ஆகவே சட்டத்தை விளக்கலாம். "எம்மிடம் வருக" என்றழைத்தலாகாது. கட்சிக்காரரின் மறைபொருளைக் கதையாக்குதல் அதனினும் பெரும்பிழை. பெயரை மறைத்தாலும், ஊரும் தொழிலும் ஆளைக் காட்டிவிடும்.

கேட்டவர் தொகையை எண்ணி மகிழ்தல் வீண். ஆயிரவர் கேட்டு மறப்பதினும், ஒருவர் கேட்டுத் தெளிந்து நம்பி வருதல் மேலாம். நாளை இத்தொழில்களிற் புகவிருக்கும் மாணவ நண்பர்களே, கற்பித்தலை முன்வைத்துப் பேசுங்கள். பொருள் அதன் பின்னே வரும்.