பார்க்காமல் எடுத்த படங்கள்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லாரி வந்து நின்றதும் பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். படம் நன்றாக இல்லாவிட்டால் ஏச்சு வாங்குபவர் யார்? படத்தை எடுத்தவரல்லர், காட்ட வந்தவர்தான்.

தாம் பார்க்காத படத்தை நம்பி, காட்டுபவர் எப்படிப் பணம் போடுவது? இந்தச் சங்கடம் சினிமா பேசத் தொடங்கும் முன்பே பிறந்தது. அமெரிக்காவில் ஊமைப்படக் காலத்துக் கொட்டகைக்காரர்களிடம் புதுப் படங்களை எப்படி விற்றார்கள் என்று இன்று பார்ப்போம்.

தொடக்கத்தில் படச்சுருளைத் துணியைப்போல் அளந்து, அடிக்கு இவ்வளவு என்று விற்றார்கள். 1903-இல் எடிசன் கம்பெனி வெளியிட்ட 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற ரயில் கொள்ளைப் படம் 740 அடி. விலை 111 டாலர். வாங்குபவருக்குக் கையில் கிடைத்தது ஒரு விலைப்பட்டியல்தான். அதில் கதையைக் காட்சி காட்சியாக எழுதியிருந்தார்கள். கொள்ளைக்காரன் நம்மை நோக்கிச் சுடும் துண்டைப் படத்தின் முதலிலும் சேர்க்கலாம், கடைசியிலும் சேர்க்கலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். வாங்கியவர் அதே சுருளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவார். நம் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டும் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி இப்படித்தான் புறப்பட்டார்.

அதே 1905-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஐந்து சென்ட் கொட்டகை ஒன்று திறந்தது. பிறகு இத்தகைய கொட்டகைகள் மழைக்காளான்போல் முளைத்தன. ஊரைவிட்டு நகராத கொட்டகைக்கு ஓயாமல் புதுப்படம் வேண்டும். பல இடங்களில் தினமும் மாற்றினார்கள். அதனால் வாங்குவது போய் வாடகை முறை வந்தது. கொட்டகைக்காரர்களுக்கென்றே தனிப் பத்திரிகைகளும் வந்தன. 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' 1907-இல் தொடங்கியது. புதுப்பட விளம்பரங்கள் அதில் பக்கம் பக்கமாக வரும்.

அந்த விளம்பரங்களில் வேடிக்கையான ஒன்று உண்டு. அக்காலத்தில் நடிகர் பெயரை வெளியிடாத கம்பெனிகள் பல. 1910 மார்ச்சில் கார்ல் லெம்லி என்பவரின் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது: எங்கள் நடிகை புளோரன்ஸ் லாரன்ஸ் டிராம் மோதி இறந்ததாக எதிரிகள் பரப்பும் செய்தி பொய், அவர் நலமாக இருக்கிறார் என்று. அந்தப் பொய்யைக் கிளப்பியதே லெம்லிதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எப்படியானாலும் சரக்கு விலைபோனது. அதன் பிறகு படத்தின் பெயரோடு நடிகையின் பெயரும் விற்பனைக்கு வந்தது.

நீளப்படங்கள் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளம்பரப் புத்தகம் அனுப்பின. உள்ளூர்ப் பத்திரிகையில் அப்படியே போடத் தயாரான செய்தி, விளம்பரப் படங்கள், எந்த அளவில் என்ன சுவரொட்டி கிடைக்கும் என்ற விவரம், வாசலை அலங்கரிக்க யோசனை எல்லாம் அதில் இருக்கும். உழைப்பு மிச்சம்தான். ஆனால் அதில் எல்லாப் படமும் அற்புதம்; சுமாரான படம் என்று ஒன்றையாவது அச்சிட்டிருப்பார்களா?

இதைவிடப் பெரிய தொல்லை மொத்தமாக எடுக்கும் கட்டாயம். மேரி பிக்போர்டின் படம் வேண்டுமா? அப்படியானால் எங்கள் மற்றப் படங்களையும் சேர்த்து எடு என்றார் பாரமவுண்ட் முதலாளி அடால்ப் சூக்கர். அவற்றில் சில இன்னும் எடுக்கப்படாத படங்கள்! பெரிய கொட்டகைக்காரர்கள் இதை எதிர்த்து 1917-இல் 'பர்ஸ்ட் நேஷனல்' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்திச் சாப்ளினையே ஒப்பந்தம் செய்தார்கள். சிறிய ஊர்க்காரருக்கு அந்த வசதி ஏது? பெரிய கம்பெனிகளின் இந்த வழக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது 1948-இல்தான்.

அதுவரை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. சிகாகோவில் வெளிவந்த 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்டு' என்ற பத்திரிகை 1916-இல் ஒரு பகுதி தொடங்கியது. 'இந்தப் படம் எனக்கு என்ன செய்தது' என்பது அதன் தலைப்பு. அதில் எழுதியவர்கள் விமர்சகர்கள் அல்லர், கொட்டகைக்காரர்களே. படத்தின் பெயர், கூட்டம் வந்ததா, சனங்கள் முகம் சுளித்தார்களா, வாடகைக்குக் கட்டுப்படியானதா என்று இரண்டு மூன்று வரி எழுதி, கீழே தம் பெயரும் ஊரும் போடுவார்கள். ஊரின் பெயர்தான் முக்கியம். பட்டணத்தில் வாரக்கணக்கில் ஓடிய படம் உழவர் ஊரில் ஓடாமல் போகலாம். அதனால் சிற்றூர்க்காரர் அந்தப் பக்கத்தில் முதலில் தேடியது தம் ஊரைப்போன்ற இன்னோர் ஊரிலிருந்து வந்த கடிதத்தைத்தான். கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைப் பிறகுதான் பிரிப்பார்.