புத்தர் காலமும் மணிமேகலை கூறும் ஆண்டும்

மணிமேகலையின் அறவணர்த்தொழுத காதை, 1616 ஆம் ஆண்டிற் பேரறிவாளன் தோன்றுவான் என்று கூறும். அவ்வாண்டு எந்நிகழ்ச்சியினின்று எண்ணப்பெற்றது என்பதை நூல் உரைத்திலது. அவ்வெண்ணைக் கொண்டு புத்தர் காலத்தை வரையறுத்தல் இயலுமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

இலங்கை மரபு புத்தர் பரிநிருவாணத்தைக் கி.மு. 544 இல் வைக்கும். 1956 இல் 2500 ஆம் ஆண்டு விழாக் கொண்டாடப்பெற்றதும் அம்மரபு பற்றியே. அசோகன் முடிசூடியது அதற்கு 218 ஆண்டு பிற்பட்டதென மகாவமிசம் கூறும். அங்ஙனமாயின் அது கி.மு. 326 ஆதல் வேண்டும். அஃது அலெக்சாந்தர் பஞ்சாபிற் போரிட்ட ஆண்டு. பாட்டனாகிய சந்திரகுத்தனே அரசெய்தாத காலத்திற் பேரன் முடிசூடியிருத்தல் எங்ஙனம்?

சோழ பாண்டியரைக் குறிக்கும் அசோகனது 13 ஆம் பாறைச் சாசனம், அவன் காலத்து யவன வேந்தர் ஐவரையும் பெயர் சுட்டுகின்றது. அவர்தம் ஆட்சிக்காலங் கொண்டு முடிசூட்டு ஏறத்தாழக் கி.மு. 268 எனத் துணியப்பெற்றது. அதனொடு 218 கூட்டின் பரிநிருவாணம் கி.மு. 486, வடமொழிப் பௌத்த மரபு கூறும் 100 கூட்டின் 368. புத்தர் 80 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபாதலின், பிறப்பு முறையே 566, 448 ஆகும்.

இவற்றுள் எது தகும் என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபட்டிலர். எனினும் இரண்டற்கும் சாசனம் நிலைக்களனாயிற்று. 1616 க்கு அத்தகைய நிலைக்களன் இன்று. ஆதலின் அதனைச் சமய நம்பிக்கையாகக் கொள்வதன்றிக் காலச்சான்றாகக் கோடல் பொருந்தாது.