எழுத வரும், பேச வராது: செவிலிய மாணவிகளின் ஆங்கிலத் தயக்கம்

புது தில்லி: நாட்டில் 157 புதிய செவிலியர் கல்லூரிகளை ரூ. 1,570 கோடியில் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கல்லூரிகள் பெருகினாலும், அவற்றில் பயில்வோரின் பழைய சிக்கல் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. அது ஆங்கிலத்தில் பேசத் தயங்குவது.

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடத்தப்படுகின்றன. ஆயினும், தாய்மொழி வழியில் பள்ளிக் கல்வி முடித்து வரும் மாணவிகள் பலர் மொழி வகுப்பில் வாய் திறப்பதில்லை. இலக்கணம் தெரியாததல்ல காரணம். தவறிழைத்தால் தோழிகள் சிரிப்பார்கள், ஆசிரியர் பாதியில் குறுக்கிட்டுத் திருத்துவார் என்ற அச்சமே காரணம். எழுத்துத் தேர்வில் பேசாமலேயே தேறிவிட முடிகிறது. பயிற்சி பெறும் மருத்துவமனையிலோ நோயாளிகள் பேசுவது ஹிந்தி அல்லது வட்டார மொழி.

விளைவு பின்னர் தெரிகிறது. பிரிட்டனில் பணிபுரிய விரும்புவோர் எழுதும் ஓ.இ.டி. தேர்வில், நோயாளியாக நடிப்பவரிடம் செவிலியராக உரையாட வேண்டும். அங்கு மனப்பாடம் கைகொடுக்காது. உள்நாட்டிலும், மருந்தின் அளவில் ஐயம் எழும்போது வெளிமாநில மருத்துவரிடம் கேட்கத் தயங்கினால், பாதிக்கப்படுவது நோயாளியே.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. மாணவிகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியராகவும் பேசச் செய்யலாம். பேசி முடித்த பிறகே பிழைகளைச் சுட்டிக்காட்டலாம். அந்தப் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் தயக்கம் மெல்ல விலகும். புதிய கல்லூரிகளுக்குக் கட்டடங்களோடு இத்தகைய வகுப்பறைகளும் தேவை.